பிளாங்க் விடாதே

சரசுவுக்குக் கோபம் வந்தால் முதலில் ஆபீஸ் தமிழ் கழன்று விழும். இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய "சொல்லுங்க சார், பார்க்கிறேன் சார்" எல்லாம் போய், கோவிலம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த பேச்சு வெளியே வந்துவிடும். அன்றைக்கு வீடியோ கூட்டத்தில் அதுதான் நடந்தது.

"இன்னா சார் பேசற நீ? நீ சொல்லித்தானே போட்டேன்!"

திரையில் இரண்டு முகங்கள். ஒன்று மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன். இன்னொன்று எச்.ஆர். மேடம், பெங்களூர் ஆபீஸிலிருந்து பேசுகிறவர், சரசுவை நேரில் பார்த்ததே இல்லை. அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார்.

"சரசு, பார்த்துப் பேசுங்க," என்றார் ஸ்ரீநிவாசராகவன். குரல் கொஞ்சங்கூட உயரவில்லை. "நான் அப்படிச் சொன்னேங்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

இல்லை என்று தெரிந்துதான் கேட்டார்.

விஷயம் இதுதான். சரசு பார்த்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒரு கருவியில் பேசி வைப்பார்கள். அதைக் கேட்டு, இங்கே கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடில் இருக்கும் ஒரு கம்பெனியில் டைப் அடித்து அனுப்புவார்கள். கொத்தனார் மகளாகப் பிறந்து, தாம்பரத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போனபோது, "ஸ்கூல்னு சொல்லு, இஸ்கூல் இல்லை" என்று வகுப்பே சிரித்தது. ஆனால் சரசுவுக்கு வாய் எப்படியோ, காது அப்படி. பிலிப்பைன்ஸ் டாக்டர், நைஜீரியா டாக்டர், மூக்கால் பேசுகிற டெக்சாஸ் டாக்டர், யாராக இருந்தாலும் பிடித்துவிடுவாள். ஒரு டாக்டர் ஆப்பிள் கடித்துக்கொண்டே பேசுகிறார் என்பதைக்கூடக் கேட்டே சொல்வாள். சிரித்த வகுப்பில் கடைசிவரை அந்தத் தொழிலில் நின்றது அவள் ஒருத்திதான்.

சில இடங்களில் எந்தக் காதுக்கும் கேட்காது. அப்போது அந்த வார்த்தையை அடிக்காமல் காலியாக விட்டு, ஒரு குறி போட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். யோக்கியமான முறை அது. ஆனால் பிளாங்க் அதிகமானால் ஆஸ்பத்திரிக்காரன் முணுமுணுப்பான், கம்பெனிக்குப் பெயர் கெடும். அதனால் பிளாங்க் என்றாலே மேனேஜர்களுக்கு ஆகாது.

ஏப்ரல் மாதம் ஒரு டாக்டர் ஓடுகிற காரில் உட்கார்ந்துகொண்டு, சளி பிடித்த மூக்கோடு ஒரு மாத்திரையின் அளவைச் சொன்னார். பதினைந்தா, ஐம்பதா? ஆங்கிலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். சரசு ஒன்பது தடவை ஓட்டிக் கேட்டாள். பிறகு ஆபீஸ் சாட்டில் ஸ்ரீநிவாசராகவனைக் கேட்டாள். அவர் பதில் போட்டார். அவர் சொன்னபடி ஐம்பது என்று அடித்தாள். டாக்டர் சொன்னது பதினைந்து. நல்ல வேளை, மாத்திரை கொடுக்கிற இடத்தில் யாரோ கவனித்து நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. ஸ்ரீநிவாசராகவன், "என்கிட்ட யாரும் எதுவும் கேட்கலையே" என்றார்.

எச்.ஆர். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் ஏழு நாள் டைம், அதுவரைக்கும் நீங்க வேலை பார்க்க வேண்டாம். உங்க தரப்பில் ஏதாவது ஆதாரம் இருந்தா கொடுங்க. இல்லைன்னா கம்பெனி முடிவெடுக்கும்."

கூட்டம் முடிந்ததும் சரசு லேப்டாப்பை மூடிய வேகத்தில் மேஜையிலிருந்த டம்ளர் உருண்டு கீழே விழுந்தது.

கீழ்க்கட்டளையில் அவர்கள் வீடு இரண்டு அறைதான். புருஷன் ரத்தினம் பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு இப்படி குதிக்கிற? சாட்டுல கேட்டேன்ற, அத்த காட்டவேண்டியதுதானே?"

"எதுல காட்டறது? தொடச்சிட்டான்யா! மொத்தத்தையும் தொடச்சிகினு போய்ட்டான்!"

கொரோனா வந்து எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது கம்பெனியில் போதுமான மிஷின் இல்லை. சரசு தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே கம்பெனி சாஃப்ட்வேரைப் போட்டு நாலு வருஷம் உழைத்தாள். அந்தச் சாட் பழைய காலத்து ரகம். பேசியது எதுவும் ஆபீஸில் சேராது, அவரவர் மிஷினில்தான் பேசின ஆளுக்கு ஒன்றாகத் தினமும் ஃபைலாகத் தங்கும். ஜூன் மாதம் எல்லாருக்கும் புது லேப்டாப் வந்தது. "உங்க பழைய கம்ப்யூட்டர்ல நம்மளது எதுவும் இருக்கக் கூடாது" என்று ஐ.டி. ஆள் ஒருவன் இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து, இருபது நிமிஷத்தில் அத்தனையையும் அழித்தான். புது லேப்டாப்பில் சாட்டைத் திறந்தால் பச்சைக் குழந்தை மாதிரி ஒன்றுமே தெரியாமல் விழித்தது. ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று அன்று சரசுவுக்குத் தோன்றவில்லை. இப்போது அதை நினைக்க நினைக்கத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பழைய கம்ப்யூட்டர் அரிசி டிரம் பக்கத்தில் துண்டு போர்த்தி நின்றது. ரத்தினம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அதைக் காட்டினான்.

"அத்த எவன்கிட்டயாவது காட்டிப் பாரேன். போனதுகூட வரும்னு சொல்றாங்க."

சாயங்காலம் அவன் ஆட்டோவிலேயே அதை ஏற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் போனார்கள். அங்கே ஜேசன் என்கிறவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சரசுவின் அம்மா வீட்டுத் தெருக்காரன், முப்பது வயசு இருக்கும், வாயாடி. சரசு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் அழிச்சதுக்கப்புறம் இத்த யாராவது ஆன் பண்ணீங்களா? படம் பார்த்தீங்களா, பாட்டு ஏத்தினீங்களா?"

"இல்லப்பா. துண்டு போட்டு மூடினதுதான்."

"அப்ப சான்ஸ் கீது." அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "அழிக்கிறதுன்னா அது உடனே போயிடாதுக்கா. இந்த எடம் காலின்னு குறிச்சுக்கும், அவ்ளோதான். அதுமேல புதுசா வேற எழுதினாத்தான் பழசு போவும். இப்ப இந்த டிஸ்க்க அப்படியே இன்னொண்ணுல காப்பி எடுப்பேன். தேடறது எல்லாம் அந்தக் காப்பியிலதான். ஒரிஜினலைத் தொடவே மாட்டேன். நாளைக்கு வா."

மறுநாள் போனபோது ஜேசன் முகம் பாதி சந்தோஷம், பாதி சங்கடமாக இருந்தது. நாலாயிரத்து முந்நூறு ஃபைல் கிடைத்திருந்தது. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். திறந்து பார்த்தால்தான் எந்தத் தேதி, யாரோடு பேசியது என்று தெரியும். சிலது உள்ளே கட்டம் கட்டமாகக் குப்பை.

"ஒரு வார்த்தை சொல்லுக்கா, அந்த வார்த்தை எதுல எல்லாம் கீதோ அத்த மட்டும் எடுக்கறேன்."

"பிளாங்க்," என்றாள் சரசு.

இருநூற்று அறுபத்தோரு ஃபைல் வந்தது. கடையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு மணி நேரத்தில் ஏப்ரல் பதினெட்டாம் தேதி கிடைத்தது. அவள் கேள்வி இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தது: "சார், ஃபிப்டீனா ஃபிப்டியா தெரியல, பிளாங்க் விடட்டுமா?" அதற்குக் கீழே ஸ்ரீநிவாசராகவன் பெயர். பெயருக்குக் கீழே முழுக்கக் கட்டங்கள்.

"டேய்!" என்று சரசு போட்ட சத்தத்தில், சார்ஜர் வாங்க வந்த ஒரு ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான். "கேள்வி கீது, பதில் இல்லையா? இன்னாடா இது அநியாயம்!"

"கத்தாதக்கா, கஸ்டமரு," என்றான் ஜேசன். "ஃபைலு ரெண்டு துண்டா வேற வேற எடத்துல இருந்திருக்கும். இன்னும் ஆழமா ஒரு தடவை தேடணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடும். நீ வூட்டுக்குப் போ."

சரசு போகவில்லை. கோபத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை. மீதி ஃபைல்களையும் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தாள். மற்ற நாட்களிலும் மேனேஜர் இப்படித்தான் சொல்லியிருப்பான், அதில் ஒன்றாவது முழுசாக அகப்படாமலா போகும் என்று திறந்துகொண்டே போனாள். அகப்படவும் செய்தது. "டூ மெனி பிளாங்க்ஸ் சரசு", "கிளையன்ட் கத்தறான்", "ஏதாவது போடுங்க", இப்படி ஏழெட்டு. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து வைத்தாள். அடுத்த ஃபைலைத் திறந்தாள்.

தேதி, 2021 ஆகஸ்ட். பேசியது வினிதா.

வினிதா யார் என்று சொல்ல வேண்டும். இரும்புலியூர்ப் பெண். கொரோனா காலத்தில் புதிதாகச் சேர்ந்தவள், சரசுவின் கீழே வேலை கற்றுக்கொண்டவள். சேர்ந்த ஒன்பதாவது மாதம் ஒரு ரிப்போர்ட்டில் பெரிய தப்பு செய்தாள். ஒரு நோயாளிக்குக் குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்க, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அடித்துவிட்டாள். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் இல்லை, 'நோன்' என்றால் தெரிந்தது; காதுக்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த நோயாளியின் மனைவி கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். விசாரணையில் வினிதா, "சரசு அக்காதான் அப்படிப் போடச் சொன்னாங்க" என்றாள். சரசு, "நான் மறுபடியும் கேட்டுப் பார்க்கத்தான் சொன்னேன்" என்றாள். வினிதாவை அன்றே எடுத்துவிட்டார்கள். அவள் மிஷின் கம்பெனியுடையது, அதையும் பூட்டிவிட்டார்கள்.

மூன்று வருஷமாகச் சரசுவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் இருந்தது. தான் தப்பிக்க என்னை மாட்டிவிடப் பார்த்தாளே, இவளுக்கா அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தோம் என்று ரத்தினத்திடம் எத்தனையோ தடவை பொருமியிருக்கிறாள்.

ஃபைலில் இருந்தது ஐந்தே வரி. ஒரு கட்டம்கூட இல்லாமல், முழுசாக.

"அக்கா, நோ அலர்ஜியா நோன் அலர்ஜியான்னு தெரியல. பிளாங்க் விடட்டுமா?"

"பிளாங்க் விடாதேம்மா. இன்னைக்கே உனக்கு நாலு ஆச்சு."

"பயமா இருக்குக்கா."

"பெரும்பாலும் நோ தான் வரும். அதையே போட்டுட்டு அடுத்த ஃபைல் எடு."

"சரிக்கா."

சரசு அதை மூன்று தடவை படித்தாள். அது தன் வாக்கியம்தானா என்று தேடினாள். 'விடாதேம்மா' என்று அந்த 'ம்மா'வைப் போடுகிற பழக்கம் அவளுடையதுதான். எழுந்து வெளியே வந்து, மேடவாக்கம் மெயின் ரோடில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடியும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், மறுபடியும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன் என்று மூன்று வருஷம் சொல்லிச் சொல்லி, அப்படிச் சொன்ன மாதிரியே ஞாபகமும் ஆகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லியிருந்தால்கூட ஒரு கணக்கில் சேரும். இது எதில் சேரும்?

மறுநாள் சாயங்காலம் ஜேசன் போன் பண்ணினான். "அக்கா, மாட்டிகிச்சு! வந்து பாரு!"

ஸ்ரீநிவாசராகவனின் பதில் முழுசாக இருந்தது. "ஆல்ரெடி த்ரீ பிளாங்க்ஸ். நோ மோர். ஃபிப்டி போட்டு அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்." நான் பார்த்துக்கறேன்! ஜேசன் கை தட்டினான். சரசு சிரிக்கவில்லை. இரண்டு ஃபைலையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள்.

"ரெண்டா? எது ரெண்டாவது?"

"குடுக்கிறத குடு. கேள்வி கேக்காத."

வீட்டில் ரத்தினம் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தான். படித்துவிட்டு ஒன்றை மட்டும் மடித்து அவளிடம் நீட்டினான்.

"இத்த எடுத்துகினு போய் அந்த ஆள் மூஞ்சில வீசு. அந்தப் பொண்ணு சமாச்சாரத்த கிளறாத. முடிஞ்சுபோனது. நீயே உன் தலைல மண்ண வாரிப் போட்டுக்காத."

"அவ மேல இத்தினி வருஷமா நான் காறிக் காறித் துப்பினேனே, அது?"

"அது எனக்கும் உனக்கும்தானே தெரியும்."

"எனக்குத் தெரியுமே. அது பத்தாதா?" என்று கத்திவிட்டு அவன் கையிலிருந்த மற்ற தாளையும் பிடுங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே ஆட்டோவை எடுத்து, "இரும்புலியூர்ல எங்க?" என்று மட்டும் கேட்டான்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு, மாடி வீடு. வினிதா கீழே தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டிருந்தாள். சரசுவைப் பார்த்ததும் கேனைப் படிக்கட்டில் வைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"என்னக்கா?"

சரசு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. தாளை நீட்டினாள். வினிதா நின்றபடியே படித்தாள். படிக்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் தாளைத் தாழ்த்தவே இல்லை.

"எனக்கு இது அன்னைக்கே தெரியும்க்கா," என்றாள் கடைசியில். "உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் வேணும்னு பண்ணல வினிதா. நெஜமாவே மறந்து..."

"மறந்துட்டீங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? போற எடமெல்லாம் பழைய கம்பெனி லெட்டரைக் கேட்டாங்க. தவறு காரணமாக நீக்கப்பட்டார்னு போட்டிருந்தா எவன் வேலை குடுப்பான்? இப்ப பெருங்களத்தூர்ல டைல்ஸ் கடையில பில் போடறேன். அதுகூடப் பரவாயில்ல." அவள் தாளை நாலாக மடித்தாள். "ஒரு கட்டத்துல எனக்கே டவுட்டு வந்துடுச்சுக்கா. நாமதான் கதை கட்டறோமோ, அக்கா அப்படிச் சொல்லவே இல்லையோன்னு. எங்க அம்மாகூட, 'சரியா ஞாபகப்படுத்திப் பாருடி'ன்னு கேட்டாங்க. என் மண்டையையே என்னால நம்ப முடியல. அத்த எனக்கு யார் திருப்பித் தருவா? நீங்களா?"

சரசு, "மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்தாள்.

"'ம்மா' போடாதீங்க. மன்னிப்பெல்லாம் வேணாம், அது உங்களுக்குத்தான் உதவும். இத்த பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, தேதி தெரியற மாதிரி. அப்புறம் ஆபீஸ்ல நீங்களே உங்க வாயால சொல்லணும். நான் சொல்லி ஒரு தடவை ஆச்சு."

ஜேசன் ஃபைலைப் போட்டுத் தந்த, கடைப் பெயர் ஒட்டிய பென் டிரைவ் சரசுவின் பையிலேயே இருந்தது. வினிதா அதை வாங்கிக்கொண்டு கேனைத் தூக்கித் தோளில் வைத்தாள். படியேறிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கேம்ப் ரோடு ஆபீஸில் நேரில் கூட்டம். எச்.ஆர். மேடம் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சரசு முதல் தாளை வைத்தாள். ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்து மட்டும் சிவந்தது.

"இது கம்பெனியோட டேட்டா, மேடம். அழிச்சதைத் தோண்டி எடுத்திருக்காங்க. திருட்டு."

"திருட்டா?" சரசு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யார் மிஷின் சார் அது? மிஷின் குடுக்க வக்கில்லாம நாலு வருஷம் என் வூட்டுக் கம்ப்யூட்டரத்தானே ஓட்டினீங்க? என் வூட்டு கரண்ட்டு, என் வூட்டு நெட்டு. இதுல ஒரு பேஷண்ட் பேரு கீதா பாரு. நீ பேசினதும் நான் பேசினதும்தான் கீது. நான் பார்த்துக்கறேன்னு எழுதினியே, இன்னா பார்த்த?"

"உட்காருங்க சரசு," என்றார் எச்.ஆர். மேடம். மேடமும் ஸ்ரீநிவாசராகவனும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். சரசுமேல் நடவடிக்கை இல்லை, தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம், நாளை முதல் வேலைக்கு வரலாம் என்றார் மேடம். சரசு இரண்டாவது தாளை எடுத்து வைத்தாள். கூடவே ராத்திரி உட்கார்ந்து தன் கையால் எழுதிய ஒரு கடிதம்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்களுக்கே பாதகமா இருக்கே."

"ஆமா."

"அந்தப் பொண்ணு போய் மூணு வருஷம் ஆச்சு. இதை ஃபைல்ல சேர்த்தா உங்க கேஸும் வேற மாதிரி ஆயிடும். நல்லா யோசிங்க."

"யோசிச்சுதான் எழுதிகினு வந்தேன். சேருங்க. ரெண்டையும் சேர்த்தே வெய்யுங்க. அந்தாளு எனக்குச் சொன்னாரு, நான் அந்தப் பொண்ணுக்குச் சொன்னேன். வேலை போனது மட்டும் அதுக்கு."

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. ஸ்ரீநிவாசராகவனுக்கு எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று. சரசுவுக்கு வேலை போனது. கீழே இருப்பவரைத் தவறாக வழிநடத்தியதைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்டதால் என்று காரணம் போட்டிருந்தார்கள். ரத்தினம் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அன்று முழுக்கச் சரசு வீட்டிலிருந்த அலுமினியப் பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் போட்டு, விரல் தோல் உரியும்வரை தேய்த்தாள்.

வினிதா தாம்பரம் கோர்ட்டில் தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்து, பென் டிரைவில் இருந்ததைச் சேர்த்துக் கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அவளுக்குப் புது லெட்டர் வந்தது. 'தவறு' என்ற வார்த்தை அதில் இல்லை. சரசுவுக்கு இதைச் சொன்னது வினிதா இல்லை, ஜேசன். பென் டிரைவில் இருந்த கடைப் பெயரைப் பார்த்து, தன் லேப்டாப்பைச் சரிபார்க்க அவள் அவன் கடைக்கு வந்திருந்தாளாம். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றான். சரசு அதையும் கேட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்ஷனில் வேலை கிடைத்தது. அங்கே டாக்டர்களின் கையெழுத்து புரியாவிட்டால் மாடியேறிப் போய் முகத்துக்கு நேரே நின்று கேட்பாள். "இந்தம்மா தொல்லை தாங்கல" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும் என்று நிற்பாள், எழுதித் தரும்வரை.

மார்ச் மாதம் ஸ்ரீநிவாசராகவன் ரிட்டயர் ஆனார். பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சரசுவை யாரும் நீக்கியிருக்கவில்லை. வழியனுப்பு விழா அழைப்பு வந்தது. மாலை போட்ட போட்டோ வந்தது. 'தரம் என்றால் என்ன என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்' என்று யாரோ எழுத, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். சரசு சமையலறையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. போனில் எடுத்து வைத்திருந்த இரண்டு தாளின் படத்தையும் தேடி எடுத்தாள். முதலில் அவர் அவளுக்குச் சொன்னது, தேதியோடு. அடுத்து அவள் வினிதாவுக்குச் சொன்னது, தேதியோடு, தன் பெயரை மறைக்காமல். வினிதா பெயரை மட்டும் அடித்துவிட்டு இரண்டையும் குழுவில் போட்டாள். 'கற்றுக்கொடுத்தது இதுதான்' என்று ஒரு வரி எழுதினாள். யாரும் எதுவும் சொல்வதற்குள் குழுவை விட்டு வெளியேறினாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஒருத்தர், வயசான மனுஷரை இப்படி அவமானப்படுத்தலாமா என்று திட்டினார். "வெச்சிட்டு வேலையப் பாருங்க சார்," என்றாள். இரண்டாவது ஒரு பெண், உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை, நீயும்தானே அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். "ஆமா, நானும்தான். அதனாலதான் போட்டேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மூன்றாவது அழைப்பு தெரியாத நம்பர். பயந்த குரல்.

"சரசு அக்காவா? நான் சினேகா. நீங்க போனதுக்கப்புறம் உங்க எடத்துக்கு வந்தேன். எனக்கும் அந்த மாதிரி மெசேஜ் நிறைய வந்திருக்குக்கா. அடுத்த வாரம் எங்க லேப்டாப்பை எல்லாம் மாத்தறாங்களாம். அதையெல்லாம் எப்படி எடுத்து வைக்கிறதுன்னு..."

சரசு அடுப்பை அணைத்தாள். "மிஷின் உன்னுதா, கம்பெனியோடதா?"

"கம்பெனியோடதுதான்க்கா."

"அப்ப பென் டிரைவ் எல்லாம் சொருகாத, அதையே சாக்கா வெச்சு உன்னைத் தூக்குவாங்க. உன் போன்ல திரையைப் போட்டோ எடு. தேதி, பேரு, கேள்வி, பதில், நாலும் ஒரே படத்துல வரணும். பேஷண்ட் பேரு தெரியக் கூடாது. எடுத்து ரெண்டு எடத்துல வெய்யி. எழுதிக்கிறியா?"

"எழுதறேன்க்கா. சார் எனக்கு அனுப்பினது எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"அது அப்புறம்," என்றாள் சரசு. குரல் தானாகவே உயர்ந்தது. "மொதல்ல நீ யாருக்கு இன்னா அனுப்பினேன்னு பாரு. உனக்குக் கீழ ஒரு பொண்ணு வேலை கத்துக்குது இல்ல? அதுக்கு நீ சொன்னத எடு மொதல்ல."

மறுமுனையில் சினேகாவின் பேனா கீறுகிற சத்தம் நின்றுபோனது.

"இன்னா, கேக்குதா?" என்றாள் சரசு.